மல்பெரி நாற்றங்காலில் பூஞ்சாண நோய்: குச்சி வெட்டுவது முதல் நாற்று பிடுங்குவது வரை

நட்ட மல்பெரிக் குச்சிகளில் பாதி முளைக்காமல் நின்றால், பக்கத்துத் தோட்டக்காரர் முதல் உரக்கடைக்காரர் வரை எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: தண்ணீர் போதவில்லை. பெரும்பாலும் அது காரணமாக இருப்பதில்லை. குச்சிக்குள் பூஞ்சாணம் புகுந்திருந்தால், தண்ணீரைக் கூட்டக் கூட்ட அழுகல்தான் வேகமெடுக்கும். தர்மபுரி மாவட்டத்தில் நான் போட்ட நாற்றங்காலில், வெளியிலிருந்து விலை கொடுத்து வாங்கிய குச்சிகளோடு நோயும் சேர்ந்து வந்தது. பாத்தி பாத்தியாக நாற்று போயிற்று. ஏன் போயிற்று என்று தெரிந்துகொள்ள அலைந்த அலைச்சலில் கற்றதையெல்லாம் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். முதல்முறையாக நாற்றங்கால் போடுகிறவர்கள் அந்த இழப்பைச் சந்திக்கக் கூடாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோய் கண்ட குச்சியைக் காப்பாற்றும் மருந்து கிடையாது. பக்கத்துக் குச்சியைத்தான் காப்பாற்ற முடியும். எனவே உங்கள் பணமும் கூலியும் கவனமும் குச்சியை மண்ணில் ஊன்றுவதற்கு முன்பே செலவாக வேண்டும்.

1. நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள்

குச்சி நாற்றாகி, தோட்டத்தில் நடத் தயாராக 90 முதல் 120 நாள் ஆகும். ஐப்பசி மழையை நம்பி அக்டோபரில் நடுவதாக இருந்தால், ஜூன் பிற்பகுதியிலோ ஜூலை தொடக்கத்திலோ குச்சி பாத்திக்குப் போயிருக்க வேண்டும். அதற்கு முன் பாத்தி தயாரிக்க இன்னும் நான்கு முதல் ஆறு வாரம் ஒதுக்குங்கள். ஏப்ரல், மே வெயில் வீணாகாமல் மண்ணைச் சூடேற்றவும் இந்தக் கணக்கு உதவும். அதை நான்காம் படியில் சொல்கிறேன்.

நாற்றங்கால் தொடங்கக் கூடாத காலமும் உண்டு. அடைமழை பெய்யும் வாரங்களில் குச்சி ஊன்றாதீர்கள். வேர் விடாத குச்சி ஈரத்தில் ஊறிக்கிடந்தால் பூஞ்சாணத்துக்கு அதைவிட வசதி வேறில்லை.

2. தாள்களை இப்போதே திரட்டுங்கள்

மல்பெரி நடவுக்கு மானியம் பெற நினைத்தால், நட்ட பிறகு போய் நிற்காதீர்கள். குச்சி வாங்குவதற்கு முன்பே உங்கள் பகுதியின் பட்டு வளர்ச்சித் துறை தொழில்நுட்ப சேவை மையத்துக்குப் போய், நடப்பு ஆண்டில் எந்தத் திட்டம் இருக்கிறது, உங்கள் பெயரைப் பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். நிதி ஒதுக்கீடு ஆண்டுக்கு ஆண்டு மாறும். சென்ற ஆண்டு பக்கத்து ஊரில் ஒருவர் வாங்கிய தொகையே உங்களுக்கும் கிடைக்கும் என்று திட்டமிட வேண்டாம்.

பொதுவாகக் கேட்கப்படுபவை: சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார் நகல், வங்கிப் பாஸ்புத்தகத்தின் முதல் பக்க நகல், பாஸ்போர்ட் அளவுப் படங்கள். சிறு, குறு விவசாயி என்ற முறையில் சலுகை கோருவதாக இருந்தால் வட்டாட்சியர் அலுவலகச் சான்று வேண்டும். இதுதான் கைக்கு வர நாளாகும். முதலில் இதற்கு விண்ணப்பியுங்கள். பட்டா கூட்டுப் பட்டாவாக இருந்தால் மற்ற பங்குதாரர்களின் ஒப்புதலையும் கேட்கக்கூடும்.

இதோடு இன்னும் இரண்டு தாள்களை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குச்சியோ நாற்றோ வாங்கினால் ரகத்தின் பெயர், எண்ணிக்கை, தேதி எழுதிய ரசீது ஒன்று. மருந்து வாங்கினால் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள ரசீது மற்றொன்று. குச்சி முளைக்காமல் போய் விற்றவரிடம் நியாயம் கேட்கப் போகும்போது கையில் தாள் இல்லையென்றால், "உங்கள் மண் சரியில்லை" என்ற ஒரே பதிலோடு அனுப்பிவிடுவார்கள்.

3. எத்தனை குச்சி, எவ்வளவு இடம்

ஒரு ஏக்கரில் 3 அடிக்கு 3 அடி இடைவெளியில் நட்டால் 4,840 செடி. நல்ல நாற்றங்காலிலும் நூற்றுக்கு எண்பதுதான் தேறும் என்று வைத்துக்கொண்டால் 6,050 குச்சி வேண்டும். நட்ட பின் பட்டுப்போகும் இடங்களை நிரப்பவும் சேர்த்து 6,500 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

4 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம் உள்ள ஒரு பாத்தியில், வரிசைக்கு வரிசை 15 சென்டிமீட்டர், குச்சிக்குக் குச்சி 10 சென்டிமீட்டர் விட்டு நட்டால் சுமார் 400 குச்சி பிடிக்கும். ஆக 6,500 குச்சிக்கு 16 அல்லது 17 பாத்தி. நடைபாதை, வடிகால் எல்லாம் சேர்த்து நான்கைந்து சென்ட் நிலம் போதும். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று குச்சிகளை நெருக்கி நடச் சொல்பவர்கள் உண்டு, கேட்காதீர்கள். நெருக்கினால் அடியில் காற்று புகாது, ஈரம் உலராது, ஒரு குச்சியின் அழுகல் எளிதாகப் பக்கத்துக் குச்சிக்குப் போகும்.

செலவை ரூபாயில் எழுதினால் ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும். அளவில் சொல்கிறேன், உங்கள் ஊர் விலையில் பெருக்கிக்கொள்ளுங்கள். மக்கிய தொழு உரம் சதுர மீட்டருக்கு 2 கிலோ வீதம் 17 பாத்திக்கு ஏறத்தாழ 200 கிலோ. குச்சி நனைக்க மேங்கோசெப் என்ற பூஞ்சாணக் கொல்லி 200 முதல் 400 கிராம். பாத்திக்கு ஊற்ற, நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பூஞ்சாணமான டிரைக்கோடெர்மா ஒரு பாக்கெட். கூலி ஆட்கள் பாத்தி போட, குச்சி வெட்ட, நட, களை எடுக்க என்று நான்கு கட்டமாக வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் மருந்துச் செலவு மொத்தத்தில் ஒரு மூலைக்குக்கூட வராது, கூலிதான் முக்கால்வாசி. மருந்தைத் தவிர்த்து மிச்சம் பிடிப்பதில் பொருளே இல்லை. நாற்று போனால் அந்தக் கூலி முழுவதும் போகிறது, கூடவே ஒரு பருவமும் போகிறது.

4. இடமும் பாத்தியும்

செம்மண் கலந்த, நீர் வடியும் இடம் வேண்டும். கிணற்றுக்கோ ஆழ்துளைக் கிணற்றுக்கோ அருகில், ஆனால் நீர் தேங்கும் பள்ளத்தில் அல்ல. சென்ற ஆண்டு மல்பெரி நாற்றங்கால் இருந்த இடத்தையும், வேர் அழுகலால் செடி செத்த தோட்டத்தின் ஓரத்தையும் தவிர்த்துவிடுங்கள். நோய்க்கிருமி அங்கே மண்ணிலும் பழைய வேர்த் துண்டுகளிலும் காத்திருக்கும்.

நிலத்தை 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இரண்டு மூன்று முறை உழுது, வேர்களையும் கட்டைகளையும் பொறுக்கி எரித்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வாய்ப்பிருந்தால் பாத்தியைச் சமன் செய்து, தண்ணீர் விட்டு நனைத்து, கண்ணாடிபோல் தெளிவான மெல்லிய பாலிதீன் தாளால் மூடி, ஓரங்களில் மண் அணைத்து நான்கு முதல் ஆறு வாரம் விட்டுவிடுங்கள். கருப்புத் தாள் இதற்கு உதவாது. உலர்ந்த மண்ணின் மீது மூடினாலும் பலன் குறைவு. வெயிலின் சூட்டில் மேல்மண்ணின் பூஞ்சாணமும் களை விதையும் பெருமளவு ஒழியும்.

பிறகு பாத்தியை 15 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். சுற்றிலும் வடிகால் வேண்டும். தொழு உரம் நன்றாக மக்கியதாக இருக்கட்டும்: கையில் எடுத்தால் சூடு இருக்கக் கூடாது, சாண நாற்றம் வரக் கூடாது, பொலபொலவென்று உதிர வேண்டும். மக்காத எரு கரையானையும் அழுகலையும் ஒருசேர அழைத்துவரும்.

மைசூரில் உள்ள மத்திய பட்டு வளர்ப்பு ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் இந்த நாற்றங்கால் நோய்களுக்கென்றே டிரைக்கோடெர்மா வகைப் பூஞ்சாணத்தைக் கொண்டு "நர்சரி கார்டு" என்ற உயிர் மருந்தை உருவாக்கியிருக்கிறது. ஒரு கிலோவை 60 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரம் காட்டி நிழலில் வைத்து, நடுவதற்கு முன் பாத்தி மண்ணில் கலக்க வேண்டும். உங்கள் பகுதி மத்திய பட்டு வாரிய நிலையத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் டிரைக்கோடெர்மா விரிடியைச் சதுர மீட்டருக்கு அரை கிராம் வீதம் தண்ணீரில் கலந்து பூவாளியால் ஊற்றுங்கள். வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். இது உயிருள்ள பொருள். கடை வாசலில் வெயிலில் கிடந்த பாக்கெட்டில் வெறும் மாவுதான் மிஞ்சியிருக்கும்.

5. குச்சி: எல்லாவற்றிலும் முக்கியமானது

நான் பார்த்த அளவில் நாற்றங்கால் நோயின் பெரும்பகுதி குச்சியோடுதான் வருகிறது. எனவே முடிந்தால் குச்சி வெட்டும் தோட்டத்துக்கு நேரில் போங்கள். வெட்டிக் கட்டிவைத்த கட்டை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். தாய்ச் செடிகளில் நுனியிலிருந்து காய்ந்து இறங்கும் கிளைகள் இருக்கின்றனவா, பட்டையில் கறுப்புத் திட்டு இருக்கிறதா, கணுக்களில் மாவுப்பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று வரிசை வரிசையாக நடந்து பாருங்கள். ஒரு வரிசையில் நாலைந்து செடி பட்டுப்போயிருந்தால் அந்தத் தோட்டமே வேண்டாம்.

கிளையின் வயது ஆறு முதல் எட்டு மாதம். தடிமன் 10 முதல் 12 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு சுண்டுவிரல் அளவு. பச்சையான நுனிப்பகுதியையும் முற்றிய அடிப்பகுதியையும் ஒதுக்கிவிட்டு நடுப்பகுதியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு, மூன்று நான்கு மொட்டுகள் இருக்கும்படி நறுக்குங்கள். வெட்டு ஒரே வீச்சில் சுத்தமாக விழ வேண்டும். மொண்ணை அரிவாளால் வெட்டினால் பட்டை கிழியும். கிழிந்த பட்டைதான் பூஞ்சாணத்தின் வாசல். கவாத்துக் கத்தரி இருந்தால் நல்லது. ஒரு தோட்டம் முடித்து அடுத்த தோட்டம் போகும்போது அதைக் கழுவித் துடைத்துவிடுங்கள்.

குச்சி நல்லதா என்று அறியச் சின்னச் சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டிலும் நான்கைந்து குச்சிகளை உருவி, கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பசுமையாக, விரலில் பால் பிசுபிசுத்தால் நல்ல குச்சி. பழுப்பு நிறமாக, உலர்ந்து, நார்போல் இருந்தால் அந்தக் குச்சி முளைக்காது. ஒரு கட்டில் இரண்டு குச்சி அப்படி இருந்தால் கட்டையே திருப்பிக் கொடுங்கள். விற்பவர் முகம் சுளிப்பார். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

வெட்டிய குச்சியை வெயிலில் போடாமல் நனைத்த கோணிப்பையில் சுற்றி நிழலில் வையுங்கள். அன்றே நடுவது சிறப்பு, தவறினால் மறுநாள். இருசக்கர வண்டியில் மூடாமல் கட்டிக்கொண்டு வெயிலில் வரும் குச்சிகள் வழியிலேயே பாதி உயிர் விட்டுவிடும். உலர்ந்த குச்சியைத்தான் அழுகல் பூஞ்சாணம் எளிதாகப் பிடிக்கிறது.

6. மருந்தில் நனைத்தல்

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் மேங்கோசெப் கலந்து, குச்சிகள் முழுவதும் மூழ்கும்படி 30 நிமிடம் வைத்திருங்கள். 100 லிட்டர் டிரம்மில் 200 கிராம். கரைசல் மண்ணும் சருகுமாகக் கலங்கிவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். ஆட்கள் கையுறை போட்டுக்கொள்ளட்டும். மிஞ்சிய கரைசலைக் கிணற்றருகிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது.

கண்ணி இங்கேதான் இருக்கிறது. கார்பென்டாசிம் என்ற இன்னொரு பூஞ்சாணக் கொல்லி டிரைக்கோடெர்மாவைக் கொன்றுவிடும். பாத்தியில் டிரைக்கோடெர்மா இட்ட கையோடு கார்பென்டாசிம் ஊற்றினால் இரண்டுக்கும் கொடுத்த பணம் வீண். கடையில் இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்து "ரெண்டையும் கலந்து ஊற்றுங்கள்" என்று சொல்வார்கள். இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு வாரம் இருக்க வேண்டும். அதேபோல அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரத்தில் குச்சி நனைக்கும் பழக்கம் நல்லதுதான். ஆனால் பூஞ்சாணக் கொல்லியில் நனைத்த குச்சியை உடனே அதில் நனைப்பது பயன் தராது. அசோஸ்பைரில்லத்தைத் தொழு உரத்தில் கலந்து பின்னர் மண்ணில் இட்டுக்கொள்ளலாம்.

7. நடவும் நீரும்

குச்சியை 45 பாகைச் சாய்வில் ஊன்றி, ஒரு மொட்டு மட்டும் மண்ணுக்கு மேலே தெரியும்படி விடுங்கள். மொட்டு மேல்நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்தில் ஆட்கள் தலைகீழாக ஊன்றிவிடுவதுண்டு. சுற்றி மண்ணை அழுத்திவிடுங்கள்.

மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் போதும். ஆனால் நாட்காட்டியைப் பார்த்து ஊற்றாதீர்கள், மண்ணில் விரலை விட்டுப் பார்த்து ஊற்றுங்கள். இரண்டு விரல்கணு ஆழத்தில் ஈரம் இருந்தால் அன்று வேண்டாம். மாலையில் ஊற்றி இரவெல்லாம் ஈரமாக விடுவதைவிடக் காலையில் ஊற்றுவது நல்லது. களை எடுக்கும்போது குச்சியின் கழுத்தில் கொத்து படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். யூரியாவை 55 முதல் 60 நாளில், களை எடுத்த பிறகு இடலாம். அதற்கு முன் வேண்டாம். முன்கூட்டியே இட்டால் தளிர் கொழுகொழுவென்று வரும். அந்த இளந்தண்டு நோய்க்கு எளிதில் இரையாகும்.

8. எந்த நோய் என்று கண்டுபிடிப்பது

இலை வாடியதும் மேலே பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாடிய குச்சியை வேரோடு மெல்லப் பிடுங்கி, தண்ணீரில் அலசி, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கெட்டிருக்கும் இடம் எது என்பதை வைத்தே நோய் தெரிந்துவிடும்.

முதல் மாதத்தில் மொட்டே வெடிக்கவில்லை, மண்ணுக்கு மேலே உள்ள பட்டையில் கரும்பச்சை அல்லது கறுப்புத் திட்டு நீளவாக்கில் ஓடுகிறது, பட்டையில் ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளிகள் வெடித்துக் கிளம்பியிருக்கின்றன என்றால் தண்டுச் சொறி. போட்ரியோடிப்ளோடியா என்ற பூஞ்சாணம் இதற்குக் காரணம். விரலால் தடவினால் அந்தப் புள்ளிகள் சொரசொரவென்று தட்டுப்படும்.

மொட்டு முளைத்தது, இரண்டு மூன்று இலையும் விட்டது, பிறகு வாடிவிட்டது. பிடுங்கினால் வேரே இல்லை. மண்ணுக்குள் இருந்த பட்டை பழுப்பாகி, ஊறிய தோல்போல் கையோடு உரிந்து வருகிறது. இது குச்சி அழுகல். காரணம் ஃபுசேரியம். புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். குச்சியில் சேமிப்பாக இருக்கும் சத்தை வைத்தே முதல் இலைகள் வந்துவிடும். பசுமையைப் பார்த்து "பிடித்துவிட்டது" என்று மகிழ்ந்திருப்போம். உள்ளே வேர் இருக்காது.

இரண்டு மாதத்துக்கு மேல் நன்றாக வளர்ந்த நாற்று திடீரென இலை மஞ்சளாகி உதிர்ந்தால், மண் மட்டத்தில் தண்டின் கழுத்தைப் பாருங்கள். அங்கே சுற்றிலும் பழுப்போ கறுப்போ வளையமாக இருந்தால் கழுத்தழுகல். ஃபோமா என்ற பூஞ்சாணத்தின் வேலை. மண்ணை அதிகம் அணைத்த பாத்திகளிலும் நீர் தேங்கும் மூலைகளிலும் இது முதலில் தலைகாட்டும்.

மூன்று நான்கு மாத நாற்றில் நுனித் தளிர் காய்ந்து, அந்தக் காய்வு கீழ்நோக்கி இறங்கிவந்தால் நுனிக்கருகல்.

வேரில் மணிமணியாக முடிச்சுகள் தெரிந்தால் அது பூஞ்சாணம் அல்ல, வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழு. அதற்குப் பூஞ்சாண மருந்து ஊற்றிப் பயனில்லை.

9. கண்ட பிறகு

நோயுற்ற குச்சியை அதைச் சுற்றியுள்ள ஒரு பிடி மண்ணோடு எடுத்து, பையில் போட்டுத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் எரியுங்கள். வரப்பில் வீசாதீர்கள், அடுத்த மழையில் திரும்பி வரும். அந்தப் பாத்திக்கு இரண்டு நாள் தண்ணீரை நிறுத்துங்கள். பிறகு கார்பென்டாசிம் ஒரு லிட்டருக்கு 2 கிராம் கலந்து, நோய் கண்ட இடத்திலும் அதைச் சுற்றி உள்ள நாற்றுகளின் அடியிலும் மண் நனையும்படி ஊற்றுங்கள். இலைமேல் தெளிப்பதால் அழுகலுக்கு ஒன்றும் ஆகாது.

தெளிப்பானை இரவல் வாங்கினால் அதில் முன்பு என்ன மருந்து அடித்தார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். கத்தரிக்கோ பருத்திக்கோ பூச்சி மருந்து அடித்த தெளிப்பானின் எச்சம் மல்பெரி இலையில் பட்டால், அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழுக்கள் செத்துப்போகும். நாற்றங்காலுக்கென்று தனித் தெளிப்பானும் தனிப் பூவாளியும் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. நாற்றங்கால் இலையைப் பறித்துப் புழுவுக்குப் போடவே கூடாது.

10. இலை நோய்கள்

இவை நாற்றைக் கொல்வதில்லை, தளர வைக்கும். மழைக்காலத்தில் பழுப்புப் புள்ளி விழுந்து நடுவே ஓட்டையாவது இலைப்புள்ளி. குளிர்மாதங்களில் இலையின் அடியில் வெள்ளை மாவு படிந்தால் சாம்பல் நோய். அடியில் செம்பழுப்புக் கொப்புளங்கள் என்றால் துரு. அடி இலைகளைக் கிள்ளி எரித்துவிட்டு, புள்ளிக்கும் சாம்பலுக்கும் கார்பென்டாசிம் லிட்டருக்கு 2 கிராம் தெளித்தால் அடங்கும்.

11. பிடுங்கி நடும்போது

முதல் நாள் பாத்தியை நனைத்துவிட்டு மறுநாள் மண்வெட்டியால் தோண்டி எடுங்கள். கையால் இழுத்தால் வேர் அறுந்து காயம் படும். கழுத்தில் கறுப்பு இருக்கும் நாற்று, வேர் குறைந்த நாற்று, முடிச்சு விழுந்த நாற்று மூன்றையும் ஒதுக்குங்கள். ஒதுக்கியது எவ்வளவு தழைத்திருந்தாலும் மனமிரங்கிச் சேர்க்காதீர்கள். தோட்டத்தில் மல்பெரி பதினைந்து ஆண்டுக்கு மேலும் நிற்கப்போகிறது, அதன் நடுவே நோயை நீங்களே ஊன்ற வேண்டாம். தேர்ந்த நாற்றுகளின் வேரை மேங்கோசெப் கரைசலில் நனைத்து, ஈரக் கோணியில் சுற்றி, அன்று மாலைக்குள் நட்டுவிடுங்கள்.

நாற்று வெளியே விலைக்கு வாங்குகிறவர்களும் இந்த மூன்றையும் பார்த்தே எண்ணி எடுக்க வேண்டும். கட்டின் வெளிவரிசையில் நல்லதை வைத்து உள்ளே சோப்ளாங்கிகளை அடுக்குவது நடக்கிறது. கட்டை அவிழ்த்துப் பாருங்கள், ரசீதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

காலியான பாத்திகளில் மிஞ்சிய குச்சிகளையும் வேர்களையும் பொறுக்கி எரித்துவிட்டு, சோளமோ ராகியோ விதையுங்கள். அடுத்த நாற்றங்காலை வேறு இடத்தில் போடுங்கள்.